கடல்நீர்த் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மூன்று வருடம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியைப் பெரிதாக்க நினைப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிவைத்து, எனக்குத் தெரிந்த பதிலை ஒவ்வொன்றின் கீழும் கொடுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப்போக.

நான் மூன்று முறை தொட்டி மாற்றியிருக்கிறேன். முதல் முறை மீன்களைப் பறிகொடுத்தேன். அடுத்த இரண்டு முறையும் எல்லாம் பிழைத்தன. நடுவில் நான் மாற்றிக்கொண்டது என்ன என்பது மணல் பற்றிய கேள்வியில் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதை மட்டுமாவது படித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பெரிய தொட்டிக்கு மாத்தினா மறுபடியும் முதல்லேருந்து சைக்கிள் ஓட்டணுமா?

பழைய லைவ் ராக், அதாவது பாக்டீரியா குடியிருக்கும் பாறை, ஈரம் காயாமல் புதுத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் வேண்டியதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறை, மணல், கண்ணாடி, குழாயின் உட்புறம் என்று ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. சைக்கிள் என்பது இந்தப் பாக்டீரியாவை வளர்த்து நிலைப்படுத்துவதுதான். அதனால் பாறை போகும் இடத்துக்குச் சைக்கிளும் கூடவே போய்விடுகிறது.

தொட்டி இரண்டு மடங்கானால் பாக்டீரியாவும் இரண்டு மடங்கு வேண்டாமா என்று அடுத்து கேட்பார்கள். பாக்டீரியாவுக்கு லிட்டர் கணக்கு தெரியாது. கிடைக்கும் அம்மோனியாவுக்கு ஏற்றபடிதான் அவை பெருகும். நேற்று 6 மீன், இன்றும் அதே 6 மீன் என்றால், நேற்றுப் போதுமாயிருந்த பாக்டீரியா இன்றும் போதும். தண்ணீர் அதிகமானதால் கழிவு இன்னும் நீர்த்துப்போகும், அது நமக்கு லாபம்.

பழைய தண்ணியை ஒரு சொட்டு விடாம கொண்டு போகணும்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. மேலே சொன்ன காரணத்தால் பழைய தண்ணீரில் பாக்டீரியாவைத் தேடிப் பயனில்லை. அதை எடுத்துப் போவதில் வேறு ஒரு நன்மை உண்டு. உப்பின் அளவு, ஆல்கலினிட்டி (பிஹெச் விழாமல் தாங்கும் கார்பனேட் அளவு), பிஹெச் எல்லாம் ஓரளவு அப்படியே தொடர்வதால் பவளங்களுக்கு அதிர்ச்சி குறையும். பாதி பழையது, பாதி புதியது என்பது வசதியான கலவை.

எடுக்கும்போது மேல்பகுதித் தண்ணீரை மட்டும் எடுங்கள். எதையும் கிளறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கலங்கிய அடித்தண்ணீர் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

எத்தனை லிட்டர் புதுத் தண்ணி கலக்கணும்? கணக்கு எப்படி?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர். 120 x 60 x 55 தொட்டிக்கு 396 லிட்டர் என்று வரும். ஆனால் அது வெளியளவு. 12 மி.மீ. கண்ணாடியைக் கழித்து, மேலே 5 செ.மீ. காலி விட்டால் உள்ளே நிற்பது சுமார் 330 லிட்டர்தான். பாறையும் மணலும் இடம் பிடித்தபின் ஏறக்குறைய 300. கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப் இருந்தால் அதில் நிற்கும் தண்ணீரைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது 90 x 45 x 45 தொட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து தெளிவான தண்ணீராக 100 லிட்டர் தேறும். மீதி 200 லிட்டர் புதிதாகக் கலக்க வேண்டும். அதற்கு மேல் 50, 60 லிட்டர் கையிருப்பு கட்டாயம் வேண்டும். அந்தக் கையிருப்பு எதற்கு என்று அம்மோனியா கேள்வியில் புரியும்.

கரைந்த உப்புகளை நீக்கிச் சுத்தம் செய்த ஆர்ஓ டிஐ தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்க வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஓரிடத்தில் ஏறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை பிடிக்கும், அது உப்புக்கு உப்பு மாறும். ஹீட்டரும் பம்ப்பும் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு, பழைய தொட்டியின் வெப்பத்துக்கும் உப்பளவுக்கும் சமமாக்குங்கள். சாதாரணமாக அது 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ், நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025 அல்லது 1.026 ஆக இருக்கும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்த பிறகு அளந்து பாருங்கள். பழைய தொட்டியே 1.022இல் ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரியவரலாம். அப்படியானால் புதுத் தண்ணீரையும் 1.022க்கே கலக்குங்கள். மாற்றிய பிறகு ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.

புதுத் தொட்டி வீட்டுக்கு வந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

அது நிற்கப்போகும் இடத்திலேயே, ஸ்டாண்டின் மேலேயே வைத்து, சாதாரணத் தண்ணீரால் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஒட்டையும் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும். நிரம்பிய பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போது மட்டமாக நின்ற ஸ்டாண்ட், எடை ஏறியதும் ஒரு பக்கம் இறங்கலாம். மேலே சொன்ன தொட்டி தண்ணீர், கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்து 450 கிலோவை நெருங்கும், ஸ்டாண்ட் தனி. தரை அதைத் தாங்குமா என்பதை இந்தச் சோதனைக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சம்ப் இருந்தால் இந்த நன்னீரிலேயே ஓடவிட்டு மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். குழாயிலும் மேல்தொட்டியிலும் உள்ள தண்ணீர் இறங்கி வந்து சம்ப்பில் தங்குகிறதா, வழிகிறதா? வழிந்தால் திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல் சிறு துளை போடுங்கள். காற்று உள்ளே போய் சைஃபன் அறுந்துவிடும். நள்ளிரவில் மின்சாரம் போகும்போது தரை நனையாமல் இருக்க இந்த ஒரு சோதனை போதும். சோப்பு மட்டும் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பழைய மணல்லதானே நல்ல பாக்டீரியா இருக்கு? அதை ஏன் போடக் கூடாதுங்கறீங்க?

நான் மீன்களை இழந்தது இதனால்தான். முதல் முறை மாற்றும்போது, மூன்று வருட மணலை வீணாக்க மனம் வராமல், பழைய தொட்டியிலிருந்து அப்படியே வாரிப் புதுத் தொட்டியில் போட்டேன். தண்ணீர் பால்போலக் கலங்கியது. இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று நம்பி மீன்களையும் விட்டேன். மறுநாள் காலை ஒரு டாங் மீனும் இரண்டு கோமாளி மீன்களும் அடியில் கிடந்தன. அந்தக் கோமாளி ஜோடி நான்கு வருடமாக என்னிடம் இருந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மணலில் பாக்டீரியா இருப்பது உண்மைதான். ஆனால் அதே மணலின் அடியில் தின்னாத உணவு, மீன் கழிவு, செத்த புழு, எல்லாம் வருடக்கணக்கில் இறங்கித் தங்கியிருக்கும். தொடாமல் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. கிளறியதும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஒரே மூச்சில் தண்ணீரில் கலக்கும், ஆக்சிஜன் விறுவிறுவென்று குறையும். ஆழமான மணலில் ஆக்சிஜன் எட்டாத கரிய அடுக்கு இருந்தால் அதில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த மணல் எந்தத் தொட்டிக்கும் உதவாது.

புது மணலை நன்றாகக் கழுவிப் போடுவதுதான் என் முடிவு. பழையதுதான் வேண்டும் என்றால், கைப்பிடி கைப்பிடியாக ஒரு பக்கெட்டில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை பத்துப் பதினைந்து தடவை அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா செத்துவிடும், சரி, போகட்டும். தேவையான பாக்டீரியா பாறையில் இருக்கிறது. கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ இருக்கட்டும். மணலில் வாழும் சிற்றுயிர்கள் தொடர வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், மேல் அரை அங்குலத்திலிருந்து ஒரே ஒரு டம்ளர் எடுத்துப் புது மணலில் தூவினால் போதும்.

பாறையை வெளியே எடுத்தா எவ்வளவு நேரம் தாங்கும்?

பாக்டீரியாவுக்கு ஈரம் இருந்தால் போதும், அரை மணி நேரம் வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பாறையில் கடற்பஞ்சு, குழாய்ப் புழு, கோப்பபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டினங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. இவற்றில் கடற்பஞ்சு காற்றுப் பட்டாலே நலிந்து, பிறகு தொட்டிக்குள் அழுகி அம்மோனியாவைக் கிளப்பும். அதனால் பாறையை நேரே கடல்நீர் உள்ள பக்கெட்டுக்கு மாற்றி, மூழ்கடித்தே வையுங்கள். ஒரு ஹீட்டரும் ஒரு சிறு பம்ப்பும் அந்தப் பக்கெட்டில் ஓடட்டும். மாண்டரின் மீன் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதன் சாப்பாடு பெரும்பாலும் அந்தக் கோப்பபாட்கள்தான்.

பக்கெட்டில் இருக்கும்போதே பாறையை மெதுவாக ஆட்டி அலசினால் இடுக்குகளில் உள்ள கசடு கொட்டிவிடும். இந்த வாய்ப்பு மறுபடி கிடைக்காது. கொட்டிய கசடோடு அந்தத் தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

பெரிய தொட்டிக்கு இருக்கிற பாறை பத்தாது. புதுசா காய்ந்த பாறை சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அன்றைக்கே வேண்டாம். காய்ந்த பாறையில் பழைய உயிர்களின் மிச்சம் ஒட்டியிருக்கும், சிலவற்றிலிருந்து பாஸ்பேட் பல வாரங்களுக்குக் கசியும். மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பெரிய டப்பாவில் உப்புத் தண்ணீர், பம்ப், ஹீட்டர் போட்டு அதில் ஊறவிடுங்கள். பழைய தொட்டியின் சிறு பாறைத் துண்டு ஒன்றையும் அதில் போட்டால் பாக்டீரியா தொற்றிக்கொள்ளும். அம்மோனியாவும் பாஸ்பேட்டும் அடங்கிய பிறகு சேர்க்கலாம்.

மாத்துற நாள்ல எதை முதல்ல, எதை அப்புறம் செய்யணும்?

முந்தின நாள் மீன்களுக்குச் சாப்பாடு போடாதீர்கள், கழிவு குறையும். புதுத் தொட்டியில் கழுவிய மணலும் கலக்கிய தண்ணீரும் முந்தின நாளே போய், வெப்பம் நிலைக்கு வந்திருக்க வேண்டும். காலையில் எல்லா மின் இணைப்பையும் நிறுத்திவிட்டு, பழைய தொட்டியின் தெளிந்த மேல்தண்ணீரை டப்பாக்களில் பிடியுங்கள். அதில் கொஞ்சம் மீனுக்கு, கொஞ்சம் பவளத்துக்கு, கொஞ்சம் பாறைக்கு என்று பிரியும்.

முதலில் வெளியே வருவது பவளம், அப்புறம் பாறை, கடைசியில் மீன். பாறை இருக்கும்போது மீனைத் துரத்தினால் நீங்களும் களைத்துப்போவீர்கள், மீனும் பாதி செத்துப்போகும். பாறை எல்லாம் போய்த் தண்ணீர் ஒரு சாண் மட்டத்துக்கு இறங்கியதும் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். வலையைவிட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டி அள்ளுவது நல்லது. டாங் மீனின் வால்முள்ளும் முயல்மீனின் துடுப்புமுள்ளும் வலையில் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

புதுத் தொட்டியில் வரிசை வேறு. முதலில் பாறையை அடுக்கி, ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெரிய பாறைகள் கண்ணாடித் தரையில் நேரே உட்காருவது நல்லது. மணலின் மேல் வைத்தால் கீழே குழி தோண்டும் மீன்களால் சரிந்துவிடும். அப்படியானால் மணலை எப்படி முந்தின நாள் போடுவது என்று கேட்பீர்கள். பாறை வரும் இடத்தில் மட்டும் மணலை ஒதுக்கி வழி விடுங்கள். பாறைக்குப் பின் பவளம், பிறகு அம்மோனியா ஒரு முறை சோதனை, அது பூஜ்யம் என்றால் மீன். இந்த அளவுள்ள தொட்டிக்கு இரண்டு பேர் சேர்ந்தால் காலையில் ஆரம்பித்து மாலைக்குள் முடியும். தனியாகச் செய்யாதீர்கள்.

அத்தனை மணி நேரம் மீன் பக்கெட்ல உயிரோட இருக்குமா?

இருக்கும். ஏர் பம்ப், வெப்பம், மூடி மூன்றும் வேண்டும். மூடியை மறந்துவிட்டுத்தான் பலர் மீனை இழக்கிறார்கள். ராஸ் வகை மீன்கள் பயந்தால் துள்ளி வெளியே விழும். ஒன்றையொன்று துரத்தும் மீன்களுக்குத் தனித்தனிப் பக்கெட், உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு. பக்கெட் சோப்பு, பினாயில் படாததாக இருக்க வேண்டும். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் இருந்தால், மணலை அலசும்போது கையை மெதுவாக விடுங்கள், அது உள்ளேதான் இருக்கும்.

ரெண்டு தொட்டியையும் பக்கத்துல பக்கத்துல வைக்க இடமில்லை. பழைய இடத்துலயே புதுசு வரணும். முடியுமா?

முடியும், ஆனால் வேலை இரட்டிப்பாகும். எல்லா உயிர்களும் டப்பாக்களில் காத்திருக்கும் நேரத்தில்தான் பழைய தொட்டியும் ஸ்டாண்டும் வெளியே போய்ப் புதியது வர வேண்டும். மணலும் தண்ணீரும் முந்தின நாள் போட வழியில்லை. அதனால் கசிவுச் சோதனையை வேறொரு அறையில் முன்கூட்டியே முடித்துவிடுங்கள், மட்டத்தை அதன் இடத்தில் நிரப்பும்போது பாருங்கள். பாறைக்கும் பவளத்துக்கும் 80, 100 லிட்டர் டப்பாக்கள் இரண்டு மூன்று வேண்டியிருக்கும். அன்று இரவே எல்லாம் முடியவில்லை என்றால் பதற வேண்டாம். பாறையும் மீனும் ஒரே பெரிய டப்பாவில், ஹீட்டரோடும் பம்ப்போடும் இருந்தால் அதுவும் ஒரு தொட்டிதான். அப்படியே ஒரு வாரம்கூட ஓட்டலாம்.

அனிமோன் பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கு. பிச்சு எடுக்கலாமா?

பிய்க்கக் கூடாது. அனிமோன் என்ற கடல் சாமந்தியின் அடிப்பாதம் கிழிந்தால் பெரும்பாலும் அழுகிச் சாகும், செத்தால் தொட்டியையே கெடுத்துவிடும். ஒட்டியிருக்கும் பாறையோடு சேர்த்து மாற்றுவதுதான் சிறந்தது. பெரிய பாறை என்றால் அந்தத் துண்டை மட்டும் உளியால் உடைத்து எடுக்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நகத்தாலோ மெல்லிய பிளாஸ்டிக் அட்டையாலோ ஓரத்திலிருந்து பொறுமையாக நகர்த்திக்கொண்டே போனால் விட்டுக்கொடுக்கும்.

புது இடத்தில் அது அலையும். முதல் இரண்டு வாரம் நீரோட்டம் தரும் எல்லா வேவ் மேக்கர்களுக்கும் நுரைப்பஞ்சு உறையோ வலையோ போட்டுவிடுங்கள். சுழலும் விசிறியில் இழுபட்டால் அனிமோன் துண்டுதுண்டாகிவிடும், தொட்டியில் மற்ற உயிர்களும் தப்பாது.

கையுறை போடணுமா? இத்தனை நாள் வெறும் கையைத்தானே விட்டேன்.

போடுங்கள், கண்ணாடியும் அணியுங்கள். ஜோவாந்தஸ், பாலித்தோவா போன்ற பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. மாற்றும் நாளில்தான் அவற்றைச் சுரண்டுகிறோம், உடைக்கிறோம், தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. கையில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் ஆபத்து. வேண்டாத பொத்தான் பவளம் முளைத்த பாறையைக் கொதிக்க வைத்தோ, வெந்நீர் ஊற்றியோ சுத்தம் செய்யவே கூடாது. ஆவியோடு நஞ்சும் மூச்சில் ஏறி, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வரும். இந்த ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

மின்சாரமும் அப்படித்தான். தண்ணீரில் கை வைப்பதற்கு முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி வெடிக்கும்.

பழைய தொட்டியில நல்லா விரிஞ்ச பவளம், புதுசுல சுருங்கியே கிடக்கு. ஏன்?

சில நாள் சுருங்கியிருப்பது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பிறகும் அப்படியென்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். பெரிய தொட்டிக்குப் புது விளக்கு வாங்கியிருப்பீர்கள், பழையதைவிடப் பல மடங்கு பலமானது. அதை முழு அளவில் எரியவிட்டால் பவளம் வெளுத்துப்போகும். பாதிக்கும் கீழே ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். பவளங்களை முதலில் அடியில் வைத்து, பிறகு மேலே நகர்த்துவதும் ஒரு வழி.

அடுத்தது நீரோட்டம். சதைப் பவளங்களுக்கு நேராக அடிக்கும் ஓட்டம் ஆகாது, அலைபோல வந்து போக வேண்டும். மூன்றாவது ஆல்கலினிட்டி. பழைய தொட்டி 7.5 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு), புது உப்புத் தண்ணீர் 11 என்றால் கலந்ததும் ஒரே தாவலில் ஏறிவிடும். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் மாறாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால் உப்பு வாங்கும்போதே அது எத்தனை டிகேஹெச் தரும் என்று பாருங்கள்.

மாத்தின ரெண்டாம் நாள் அம்மோனியா 0.5 காட்டுது. எல்லாம் போச்சா?

போகவில்லை. ஏதோ கொஞ்சம் அழுகுகிறது, பாக்டீரியா எட்டிப் பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. கடல்நீரின் பிஹெச் 8க்கு மேல் இருப்பதால், பிஹெச் 7 உள்ள நன்னீரைவிட இங்கே அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு அதிகம். முன்பு சொன்ன கையிருப்புத் தண்ணீர் இதற்குத்தான். உடனே ஒரு பகுதியை மாற்றுங்கள், செத்த நத்தை, அழுகும் கடற்பஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று மோந்து பார்த்துத் தேடி எடுங்கள், சாப்பாட்டை நிறுத்துங்கள், கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரை ஓடவிடுங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றுவதில் தவறில்லை.

அம்மோனியாவைக் கட்டும் மருந்து ஊற்றினால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பல டெஸ்ட் கிட்கள் கட்டப்பட்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும். எண் குறையவில்லை என்று பயந்து மேலும் மேலும் ஊற்றாதீர்கள். முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதித்தால் போதும்.

இடம் நிறைய இருக்கு. புது மீன் எப்போ வாங்கலாம்?

குறைந்தது ஆறு வாரம் பொறுங்கள். முதல் பதிலில் சொன்னபடி, பாக்டீரியா இருப்பது பழைய மீன்களின் அளவுக்குத்தான். அப்புறமும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

பழைய மீன்களே புது இடத்தில் சண்டை போடலாம் என்பதையும் எதிர்பாருங்கள். பாறை அடுக்கு மாறியதால் யாருக்கு எந்தக் குகை என்று மறுபடி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முதல் இரவு விளக்கை அணைத்தே வைத்தால் பாதி சண்டை அடங்கிவிடும்.

தண்ணி ரெண்டு மடங்காச்சு. கால்சியம், ஆல்கலினிட்டி டோஸும் ரெண்டு மடங்கா ஊத்தணுமா?

இதில் பலர் தவறுகிறார்கள். தினசரி டோஸ் பவளங்கள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதைப் பொறுத்தது. அதே பவளங்கள் என்றால் அதே மில்லி. 150 லிட்டரில் நாளுக்கு 1 டிகேஹெச் குறைந்துகொண்டிருந்தது என்றால், 300 லிட்டரில் அரை டிகேஹெச்தான் குறையும். அதை ஈடுகட்டப் பழைய அளவே போதும்.

இரண்டு மடங்காவது வேறொரு கணக்கு. ஆல்கலினிட்டியை 7இலிருந்து 8க்கு ஏற்ற வேண்டுமானால், அந்த ஒரு முறைத் திருத்தத்துக்கு இரண்டு மடங்கு மருந்து வேண்டும், ஏனென்றால் அது முழுத் தண்ணீரையும் மாற்றுகிறது. தினசரி டோஸ் வேறு, திருத்தம் வேறு. மாற்றிய முதல் வாரம் சுருங்கிய பவளங்கள் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், டோஸைக் கொஞ்சம் குறைத்து ஆரம்பித்து, அளந்து பார்த்துப் பழைய அளவுக்கு வாருங்கள்.

ஆவியாதலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மேற்பரப்பு பெரிதானதால் அது உண்மையிலேயே கூடும். உப்பு ஆவியாகாது, அதனால் நிரப்புவது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீராகவே இருக்கட்டும்.

நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் பூஜ்யம், தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா மணல் மேல பழுப்பா சளி மாதிரி படியுதே?

பூஜ்யமாக இருப்பதே காரணமாக இருக்கலாம். புது மணல், புதுத் தண்ணீர், பெரிய ஸ்கிம்மர், குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து சத்தைத் துடைத்துவிட்டன. அப்போது டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர் போட்டியில்லாமல் பரவும். காற்றுக்குமிழோடு, இழை இழையாக, சளிபோல இருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பொடிபோல எளிதில் துடைபடும் பழுப்பு என்றால் டயாட்டம், அது சில வாரத்தில் தானே போகும்.

டைனோ என்று தோன்றினால் தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். சாப்பாட்டைக் கூட்டி, நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) சுற்றியும் பாஸ்பேட்டை 0.05 சுற்றியும் கொண்டுவாருங்கள். அழுக்கு என்று இவ்வளவு நாள் விரட்டியதை இப்போது நாமே சேர்க்கிறோமே என்று தயங்க வேண்டாம், பவளமும் அதைத்தான் தின்று வளர்கிறது.

பழைய தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய் இருந்துச்சு. புதுத் தொட்டிக்குப் போனா விட்டுடுமா?

விடாது. கிரிப்டோகாரியான் என்ற அந்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, பாறையிலும் மணலிலும் கூடு கட்டிக்கொள்ளும். ஈரப் பாறை எங்கே போனாலும் அதுவும் வரும். மாற்றும் அலைச்சலில் மீன் நலிந்திருக்கும்போது புள்ளிகள் திரும்ப வருவதும் சகஜம்.

நோயை ஒழிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பாறையும் பவளமும் புதுத் தொட்டிக்குப் போகட்டும். மீன்கள் மட்டும் மணல் இல்லாத பழைய தொட்டியில் தங்கி, தாமிர மருந்து எடுத்துக்கொள்ளட்டும். மீன் இல்லாத புதுத் தொட்டியில் ஒட்டுண்ணிக்குத் தங்க இடம் இல்லை. வளர்ப்பவர்கள் வழக்கமாக 76 நாள் காத்திருக்கிறார்கள். பழைய தொட்டியில் பாறை இருக்காது என்பதால், ஒரு பெரிய ஸ்பாஞ்சை ஒரு மாதம் முன்பே சம்ப்பில் போட்டுப் பாக்டீரியா ஏற வைத்திருங்கள். நத்தை, நண்டு, இறால் எதுவும் தாமிரத்தைத் தாங்காது, அவை பாறையோடு போய்விட வேண்டும்.

நோய் எதுவும் இல்லை. பழைய தொட்டியை உடனே வித்துடலாமா?

ஒரு மாதமாவது வைத்திருங்கள். இரண்டாம் முறை நான் மாற்றியபோது, பத்தாம் நாள் புதுத் தொட்டியின் குழாய் இணைப்பில் மெல்லிய கசிவு தெரிந்தது. பழைய தொட்டி காலியாக ஓரத்தில் நின்றதால் மீன்களை அதில் விட்டு, ஒட்டைச் சரிசெய்து, மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவர முடிந்தது. அப்புறம் அதையே புது மீன்களுக்கான தனிமைத் தொட்டியாக்கிவிட்டேன். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், இரண்டு குழாய்த் துண்டு, அவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. அன்றிலிருந்து எந்த மீனும் முதல் ஒரு மாதம் அதில் இருந்த பிறகுதான் பெரிய தொட்டிக்குப் போகிறது.